கூண்டு வண்டி

புடவைக் கடைக்குப் போனால் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நமக்குத் தெரியும். வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்த்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். கத்தரிக்காயின் வயசைக் காம்பு சொல்லிவிடும். ஆனால் மோட்டார் வண்டியின் முதுகில் பொருத்துகிற அலுமினியக் கூண்டை எப்படிப் பார்த்து வாங்குவது? இதை எந்தப் பாட்டியும் எந்தப் பேத்திக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகையால் நான் சொல்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஆறு மாதம் அந்நிய நாட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் இருந்துவிட்டு வந்தவள் நான்!

என் பெண் கால்நடை டாக்டர். வேப்பேரிக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமாகி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்த ஊர்ப் பரீட்சையையும் எழுதித் தேறி, ஐந்தாறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு உழைத்தாள். இப்போது சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருக்கிறாள். பெர்த் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 100 கிலோ மீட்டர் தள்ளி நார்த்தம் என்று ஓர் ஊர். அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயலும் ஆட்டு மந்தையுந்தான். இருநூறு ஆடு டாக்டரைத் தேடிக்கொண்டு வருமா? டாக்டர்தான் ஆட்டைத் தேடிக்கொண்டு போக வேண்டும். ஆக, வண்டிதான் அவளுடைய ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, ஆபீஸ் எல்லாம்.

சேர்த்து வைத்த பணத்தில் பாதி வண்டிக்கே போய்விட்டது. மீதியிலும் பாங்கிக் கடனிலுமாகக் கூண்டு, குளிர்ப்பெட்டி, கருவிகள் இத்தனையும் முடிய வேண்டும். தடுப்பு மருந்துகளை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டுமாம். நார்த்தத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். கூண்டு சரியில்லையென்றால் மருந்து கெடும். மருந்து கெட்டால் பேர் கெடும். புது டாக்டர், அதுவும் வெளிநாட்டுப் பெண். ஒரு தடவை போட்ட ஊசி பலிக்காமல் போனால் அடுத்த பண்ணைக்காரர் கூப்பிடுவாரா?

மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் உத்தியோகம். இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு. போவதும் வருவதும் ஆகாய விமானத்தில். தங்கமான மனுஷர்தான்; ஆனால் தேவைப்படுகிற நாளில் ஊரில் இருக்க மாட்டார். திருச்சியிலிருந்து என் வீட்டுக்காரர் டெலிபோனில், "எது மலிவோ அதை வாங்கச் சொல்லு. வண்டிக்குக் குல்லாய் போடுவதற்கு இத்தனை ஆலோசனையா?" என்று அபிப்பிராயம் தெரிவித்தார். அவருடைய அபிப்பிராயத்துக்கு எப்போதும் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுத்துவிட்டு, நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் கடைக்குக் கிளம்பினோம்.

அந்த ஊரில் முன்னால் ஆள் உட்காரவும் பின்னால் சாமான் ஏற்றவும் ஆன வண்டிக்கு 'யூட்' என்று பெயர். அது பிறந்த கதையே ஒரு குடும்ப ஸ்திரீயால்தான் என்கிறார்கள். 1932-இல் விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துப் பக்கத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளாம்: ஞாயிற்றுக்கிழமை நனையாமல் கோயிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டியாகச் செய்து தரக்கூடாதா என்று. லூ பாண்ட் என்கிற இளைஞர் படம் போட்டுக் கொடுக்க, ஜீலாங் தொழிற்சாலையிலிருந்து 1934-இல் அந்த வண்டி வெளியே வந்தது. இன்று ஆஸ்திரேலியாவில் யூட் இல்லாத வீதி கிடையாது. அதன் திறந்த முதுகை மூடுகிற கூண்டைத்தான் 'கேனபி' என்கிறார்கள். நம் ஊர்க் கூண்டு வண்டியில் மூங்கிலும் பாயும்; அங்கே அலுமினியம். கல் நார் போல ஃபைபர் கண்ணாடியில் செய்ததும் உண்டு. பார்வைக்கு அழகுதான், ஆனால் உள்ளே கனமான இழுப்பறை, அலமாரி என்று திருகி மாட்ட அதற்குத் தெம்பு போதாது என்று என் பெண் முதலிலேயே ஒதுக்கிவிட்டாள்.

முதல் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் புன்னகையோடு, "உங்கள் கணவர் எப்போது வருவார்?" என்று கேட்டார். "அவர் வர மாட்டார்; பணம் என்னிடம் இருக்கிறது" என்றாள் என் பெண். அப்புறம் மரியாதை கொஞ்சம் கூடிற்று. விலை நாலாயிரத்து இருநூறு டாலர். "இது எந்த ரக அலுமினியம்?" என்று அவள் கேட்டதற்கு, "அலுமினியம் என்றால் அலுமினியந்தான்" என்றார் அவர்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுமினியத்தைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டதே நம் சென்னைதான். 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை அதை ஆரம்பித்து வைத்தார். அன்று முதல் நம் சமையலறைகளில் எத்தனை ரகம் பார்த்தாயிற்று! பிடித்தால் நெளிகிற ரகம், கீழே விழுந்தால் தரை நெளிகிற ரகம், புளியை ஊற வைத்தால் கறுத்துப்போகிற ரகம், உப்புப் போட்டு வைத்தால் ஊசி குத்தினாற்போல் பொடிப் பொடிக் குழி விழுகிற ரகம். சுத்த அலுமினியம் மெத்தென்று இருக்கும். மற்ற உலோகங்களைக் கொஞ்சம் கலந்தால்தான் வலு. என் பெண் விசாரித்து வைத்திருந்தபடி, தகட்டுக்கு 5052 என்று ஒரு ரகம் நல்லது. அதில் நூற்றுக்கு இரண்டரை பங்கு மக்னீசியம். படகு கட்டுகிறவர்கள் கூட உபயோகிப்பதால் உப்புக்குப் பயமில்லை. சட்டத்துக்கு 6061. பெயர் வைக்காமல் எண் வைத்திருக்கிறார்களே, கைதிகளைப் போல!

உப்பைப் பற்றி ஏன் சொல்கிறேனென்றால், அந்தக் கோதுமைச் சீமையில் காட்டை அழித்து வயலாக்கியதில் நிலத்தடி உப்பு மேலே வந்து பல இடங்களில் மண் வெள்ளைப் பூத்துக் கிடக்கிறது. அந்தப் புழுதி ஈரத்தோடு சேர்ந்து அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் தங்கினால், இரண்டு உலோகமும் பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். கூண்டின் அடிப்பாகம் இரும்புத் தட்டின் மேல் நேராக உட்காரக் கூடாது. நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வேண்டும். இந்தக் கடைக் கூண்டில் ஒன்றும் இல்லை. தகடும் 2 மில்லி மீட்டர்தான். விரலால் அழுத்தினேன், 'டொப்' என்று உள்ளே போய் 'டொப்' என்று வெளியே வந்தது. எண்ணெய் டின் கூட இதைவிட ரோஷமாக இருக்கும்.

இரண்டாவது கடையில் கறுப்பு நிறத்தில் ஒரு கூண்டு. அதன் பளபளப்பைப் பார்த்தால் கல்யாண ஊர்வலத்தில் விடலாம் போலிருந்தது. விலை ஒன்பதாயிரத்து எண்ணூறு. உள்ளே விளக்கு, கதவைத் தூக்கிப் பிடிக்கக் காற்றடைத்த குழாய், எல்லாம் உண்டு. "புழுதி நுழையாதா?" என்று கேட்டோம். "நுழையவே நுழையாது" என்று சத்தியம் செய்தார்கள்.

நான் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஆமாம், அறுபத்து நாலு வயசில், ஒன்பது கஜம் இல்லாவிட்டாலும் ஆறு கஜப் புடவையோடுதான். "கதவைச் சாத்தடி" என்றேன். கடைக்காரர் பதறினார்; ஏதோ கிழவிக்குச் சித்தப்பிரமை என்று நினைத்திருப்பார். கதவுகளைச் சாத்தியதும் உள்ளே கும்மிருட்டு. கண் பழகினதும் பார்த்தேன்: இடது கதவின் கீழ் மூலையில் ஒரு கீற்று வெளிச்சம், பின்பக்கம் கம்பி வருகிற துவாரத்தைச் சுற்றி ஒரு வளையம். பட்டப் பகலில் வெளிச்சம் நுழைகிற வழியாகப் புழுதி நுழையாதா? வாங்குகிறவர்கள் யாராயிருந்தாலும் ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பாருங்கள். காசு செலவில்லை, மூச்சு முட்டுவதற்குள் கதவைத் திறக்க வெளியே ஓர் ஆள் மட்டும் இருக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறதாம். அதனால் பின்பக்கத்துப் பொத்தல் வழியே புழுதியை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். இதற்கு மாற்றாக முன்பக்கம் உயரத்தில், சுத்தமான காற்று படுகிற இடத்தில், வடிகட்டியோடு ஒரு காற்றுவழி வைப்பார்கள். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் புழுதி வெளியிலேயே நின்றுவிடும். அந்த ஒன்பதாயிரத்து எண்ணூறில் இது சேர்த்தியில்லை, தனிக் காசு.

கறுப்பு நிறம் வேறு. மருந்துப் பெட்டிக்குக் கறுப்பா? அலுமினியத்தை வர்ணமில்லாமல் வெள்ளிபோல் விட்டால் குளிர்ச்சி என்றும் எண்ண வேண்டாம். வெயிலைத் திருப்பி அனுப்பும், வாஸ்தவந்தான். ஆனால் ஏறின சூட்டை எளிதில் வெளியே விடாது. வெள்ளை வர்ணந்தான் உத்தமம்.

மூன்றாவதாகப் போனது கடையே இல்லை. ஊரின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. வயதான வெல்டர் ஒருவரும் ஒரு நாயும். அவரிடம் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். என் பெண் மொழிபெயர்த்தாள்: "இது உடைந்தால் முதலில் எந்த இடத்தில் உடையும்?" இதே கேள்விக்கு மற்ற இரண்டு இடத்திலும் "உடையவே உடையாது" என்றுதான் பதில். இவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கதவு வாசலின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினார். "இங்கே."

அப்புறம் விளக்கினார். அங்கத்து மண் சாலைகள் தகரக் கூரைபோல் அலை அலையாக இருக்கும். வண்டி மணிக்கணக்கில் நடுங்கும். இரும்புக்கு ஓர் அளவு வரை நடுக்கம் எத்தனை கோடி தடவை வந்தாலும் பாதகமில்லை. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்ன நடுக்கமும் கணக்கில் ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் விரிசல் விடும். வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் பலம் வேறு குறைந்துவிடும். அதனால் மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைத்து, முக்கோணத் தகடு வைத்து, சட்டத்தை வண்டியோடு இறுக்கிக் கட்டாமல் ரப்பர் மெத்தையின் மேல் உட்கார வைக்கிறார். வண்டி முறுக்கிக்கொண்டாலும் கூண்டு முறுக்கிக்கொள்ளாது. கீல் முழு நீளத்துக்கும் ஒரே கீல், ஹார்மோனியப் பெட்டி மூடிக்கு இருப்பதுபோல். பாத்திரத்தில் முதலில் ஆடுவது காதுதானே? கதவும் அப்படித்தான்.

விலை ஏழாயிரத்து நூறு. பக்கத் தகடு இரண்டரை மில்லி மீட்டர், அடித் தகடு மூன்று. எல்லாமே மூன்றாக வைத்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு என் பெண் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். சட்டப்படி வண்டி மொத்தம் 3,050 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வண்டியே 2,150. மீதி 900. கூண்டு 160, குளிர்ப்பெட்டியும் பாட்டரியும் 80, தண்ணீர் 60, மருந்தும் கருவிகளும் 200, மாற்றுச் சக்கரம் 30, அவள் 60. "இன்னும் 310 கிலோ இருக்கிறதே!" என்றேன். "கன்றுக்குட்டியை ஏற்ற வேண்டி வந்தால்? நீ கூட வந்தால்? நீயும் எடையில் சேர்த்திதான் அம்மா" என்றாள். நான் எத்தனை கிலோ என்று அவள் எழுதியதை இங்கே அச்சிட வேண்டாம்.

வெள்ளை வர்ணம் பூசி, மயக்க மருந்துகளுக்கென்று உள்ளே தனிப் பூட்டுப் பெட்டி வைத்து, ஐந்து வாரத்தில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னார்: "ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், எல்லாப் போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும்." பணம் வாங்கின பிறகும் வரச் சொல்கிற வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் தடவை மண் சாலையில் போய்த் திரும்பியதும் நான் வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் சுத்தம். வலது கதவின் அடியில் மட்டும் மஞ்சள் தூள்போல் செம்மண் ஒரு சிட்டிகை. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தேன். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவுக்குச் செய்கிற அதே சோதனை. மற்ற இடங்களில் காகிதம் கிழிந்தது. அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. கிழவர் பூட்டின் கொக்கியை இரண்டு சுற்று இறுக்கினார். அடுத்த தடவை தூளில்லை. உள்ளே மாட்டியிருந்த உஷ்ணமானி, வெளியே நல்ல வெயில் அடித்த பிற்பகலிலும் குளிர்ப்பெட்டியில் நாலு டிகிரி காட்டிற்று.

ஜூன் மாதத்தில் ஆடுகள் குட்டி போடுகிற சமயம். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு டெலிபோன் வந்தது. முதல் தடவையாக, பழைய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லாமல் இவள் பெயரைச் சொல்லியே கேட்டார்களாம். எழுபது கிலோ மீட்டர். பாதி மண் சாலை. இருட்டில் கங்காரு குறுக்கே பாயும். தடுத்து என்ன பயன்? தயிர் சாதம் பிசைந்து எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். இரண்டாவது இழுப்பறையில் இடம் ஒழித்து வைத்தேன். எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலை மட்டும் அலுமினியத் தட்டின் மேல் வைக்காமல் கீழே ரப்பர் விரிப்புப் போட்டு வைத்தேன். மூடி கசிந்தால் 5052-ஆவது, 6061-ஆவது!