பட்டு அலசிய தண்ணீர்

குன்னூர் வீட்டின் பின்கட்டில் ஈயம் பூசிய பித்தளை அண்டா ஒன்று இருந்தது. குளிர் இறங்குவதற்கு முன்னால் ஒருநாள் அம்மா அதில் பூந்திக்கொட்டையை ஊறப்போடுவாள். மறுநாள் கையால் பிசைந்தால் பழுப்பு நுரை பொங்கும். எங்கள் ஸ்வெட்டர்கள் எல்லாம் அதில்தான் முங்கி எழும். கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடக் கூடாது. பழைய வேட்டியில் சுருட்டி, அமுக்கி ஈரமெடுத்து, நிழலில் பாய் மேல் பரப்ப வேண்டும்.

அம்மா எனக்குக் கடைசியாகப் பின்னித்தந்த ஸ்வெட்டரைப் போன டிசம்பரில் மதுரையில் வெந்நீர் விட்டு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் காணும் என்கிற அளவுக்குச் சுருங்கி, அட்டைபோலத் தடித்து வெளியே வந்தது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி மலையேறும் வரை கம்பளியைத் தொட்டேயிராதவளுக்கு இந்த முறையை யார் சொல்லிக்கொடுத்தது?

ஸ்வெட்டர் ஏன் சுருங்கியது என்பது முதலில் தெரிந்தது. கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் மீன் செதில்போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. எல்லாம் நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கும். வெந்நீரில் ஊறி, சோப்பின் காரம் ஏறி, உலுக்கலும் சேர்ந்தால் இழைகள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். முன்னே போனது பின்னே வராது. மெஷினில் போட்டாலும் சுருங்காத கம்பளி என்று கடையில் விற்பது, அந்தச் செதிலைக் குளோரினால் மழுக்கி மேலே மெல்லிய பிசின் பூசியது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வழி அது. அம்மா பின்னியது அப்படிப்பட்ட நூலில் அல்ல.

நம் சமவெளி வெளுப்பு முழுக்கப் பருத்திக்கென்று ஏற்பட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. உவர்மண், வெள்ளாவி, துவைகல், உச்சிவெயில் எல்லாம் பருத்தியைப் பளிச்சென்று ஆக்கும், கம்பளியைக் கொல்லும். ஆக, அம்மா இந்த வித்தையை ஊரிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது என்று முடிவுகட்டினேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனதாக இருக்கும் என்று நினைத்தேன். நீலகிரி ஆடே அப்படி வந்ததுதான்: 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து உருவான இனம். இன்றும் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்க்கிறார்கள். ஆனால் பூந்திக்கொட்டை அவர்கள் சரக்கல்ல. அந்த மரத்தின் தாவரவியல் பேரான சாபின்டஸ் என்பதற்கே 'இந்திய சோப்பு' என்றுதான் பொருள். பழைய ரோமாபுரி வண்ணார்கள் கம்பளியைப் புளித்த சிறுநீரில் போட்டுக் காலால் மிதித்தார்கள். ஆக, இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து வந்ததல்ல. தடம் வடக்கே, நம் பழைய நூல்கள் பக்கம் திரும்பியது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் எந்தத் துணியை எதைக்கொண்டு சுத்தம் செய்வது என்று ஒரு சுலோகம் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மலையாட்டு மயிரில் நெய்த குதபம் என்ற கம்பளத்துக்குப் பூந்திக்கொட்டை, ஆளிநார்த் துணிக்கு வெண்கடுகு. அம்மாவின் அண்டாவுக்கு இத்தனை வயதா! ஆனால் அதே சுலோகம் செம்மறிக் கம்பளிக்கு உவர்மண்ணைச் சொல்கிறது. என் ஸ்வெட்டரைக் கெடுத்தது காரம்தானே, அதையே எப்படி விதிக்கலாம் என்று குழம்பினேன். எனக்குத் தோன்றுகிற விடை இது: முரட்டுக் கம்பளியில் ஆட்டின் மெழுகும் வியர்வையும் அப்பியிருக்கும், அதை அறுக்கக் காரம் வேண்டும். மெல்லிய மயிருக்கு அது தாங்காது. காஷ்மீரப் பெண்களும் பஷ்மினா முடியை நூற்பதற்கு முன் சோப்பைத் தொடாமல், ஊறவைத்து இடித்த அரிசிமாவில் பிசைந்துதான் அழுக்கெடுப்பார்கள்.

அந்தச் சுலோகத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. செம்மறிக் கம்பளியும் பட்டும் அதில் ஒரே சொல்லில் ஜோடியாக நின்றன. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கோத்தகிரிக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்தேன். எண்பத்திரண்டு வயது, நினைவு துல்லியம். சுருங்கிய ஸ்வெட்டரைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். மலைக்கு வந்த புதிதில் அக்கம்பக்கத்தில் யாராவது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"யாருடி சொல்லுவா? மொத வருஷம் ஒங்கப்பா ஒரு ஸ்வெட்டர் வாங்கியாந்தாரு. அழுக்காச்சு. எப்பிடித் துவைக்கறதுன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. 'அக்கா, இது ஆட்டு மேலேருந்து வருது, பட்டு புழுகிட்டேருந்து வருது, ரெண்டும் உசுரு குடுக்கறதுதானே'ன்னா."

கும்பகோணத்தில் கூறைப்புடவையைப் பூந்திக்கொட்டையில்தான் அலசுவார்கள். பட்டும் புரதம், கம்பளியும் புரதம். காரம் இரண்டையும் அரிக்கும். ரத்தக்கறையைத் தின்ன சோப்புத்தூளில் சேர்க்கிற நொதிகள் இரண்டையும் தின்னும். பூந்திக்கொட்டைச் சாறோ லேசாகப் புளிப்புப் பக்கம் நிற்பது. அம்மா படித்தது எட்டாம் வகுப்பு.

"கூறைப்புடவைய அலசின தண்ணியிலயே அதையும் முக்கிட்டா," என்றார் பெரியம்மா. "அந்த மழையில ரெண்டு நாளா காயவே இல்ல. கெட்டுப்போச்சோன்னு போய்ப்போய்த் தொட்டுப் பாப்பா. மூணாம் நாளு எடுத்து, மூஞ்சில ஒத்திக்கிட்டு அப்பிடியே நின்னா."