ஒலிப்பதிவு இல்லாத ஒரு கச்சேரி

மேனாட்டுச் சாஸ்திரிய இசையைப் பற்றி எழுதப் புகும்போது எமக்குச் சிறிது கூச்சம் உண்டாகின்றது. தவிலும் நாதஸ்வரமும் ஒலிக்கும் கோயில் வீதியில் வளர்ந்து, தமிழைக் கற்றுப் பட்டம் பெற்று, தமிழைக் கற்பித்தே சீவிக்கும் ஒருவருக்குப் பேத்தோவனோடு என்ன உறவு என்று நண்பர் கேட்பதுண்டு. பல்கலைக்கழக விடுதியில் எம்முடன் ஓரறையில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர், பரீட்சைக் காலத்து இரவொன்றிலே, "இதைக் கேளும்" என்று தம் காதொலிப்பானைக் கழற்றி எம் காதிற் பொருத்தினார். உறவு அவ்வாறே தொடங்கிற்று. அன்று கேட்டது ஒன்பதாவது சிம்பொனி. கடைசிப் பகுதியிற் பாடப்படும் ஷில்லரின் பாட்டு, மாந்தர் யாவரும் உடன்பிறப்புக்கள் என்ற பொருளுடையது என்று அவர் சொன்னார். அந்நாளில் அவ்விரவுக்கு அதுவே எமக்குப் போதுமாயிருந்தது.

இன்று எமது வீட்டு விறாந்தையில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு சிறு வட்டம் கூடுகின்றது. ஆசிரியர் நால்வர், உயர்தர வகுப்பு மாணவர் எட்டொன்பது பேர். நூல்களைப் பேசுவோம், சில வேளை இசை கேட்போம். சென்ற வருடம் ஒரு மாலை, அதே ஒன்பதாவது சிம்பொனியை ஒலிக்கச் செய்தோம். 'கொண்டக்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் சிரித்தனர். அவர்களுக்குத் தெரிந்த கொண்டக்டர் பஸ்ஸின் மிதிபலகையிலே தொங்குபவர். நாடகத்துக்கு வழங்கும் சொல்லை எடுத்து 'நெறியாளர்' என்று சொல்லிக்கொண்டோம். ஒரு நாடகப் பிரதியை இருவர் மேடையேற்றினால் இரண்டு நாடகங்கள் ஆவதுபோல, ஒரே சிம்பொனியை இரு நெறியாளர் நடத்தினால் இரண்டு சிம்பொனிகள் பிறக்கும் என்றதும் விளங்கிக்கொண்டார்கள்.

நாம் தெரிந்தெடுத்த ஒலிப்பதிவு வில்ஹெல்ம் பூர்த்வெங்கிளர் பேர்லின் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவை நெறியாண்டது. முதற் பகுதியின் நடுவே தொடக்க இசை மீளும் இடத்தில், பெருமுரசுகள் இடியாய் இறங்குகின்றன. பிற நெறியாளர் பலரிடம் அவ்விடம் கம்பீரமாயிருக்கும். இங்கே அது பயங்கரம். மூன்றாம் பகுதியோ நேரத்தை மறந்து நகர்கின்றது. முடிவில் வாத்தியங்களும் பாடகரும் வெறிகொண்டாற்போல் ஓடுகின்றனர். கேட்டு முடிந்ததும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. கணித ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பின்னரே திகதியைச் சொன்னோம். 1942 மார்ச் 22 முதல் 24 வரை பேர்லினில் நடந்த கச்சேரிகளிற் பதியப்பட்டது. நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, இதே நெறியாளர் இதே வாத்தியக்குழுவுடன் இதே சிம்பொனியை இட்லரின் பிறந்தநாட் கொண்டாட்டத்துக்காக மீண்டும் வாசித்தார். அதன் படச்சுருள் இருக்கின்றது. முடிவிலே கொயபெல்ஸ் மேடையருகே வந்து கை நீட்டுகின்றார். பூர்த்வெங்கிளர் குனிந்து கை கொடுக்கின்றார்.

பூர்த்வெங்கிளரின் வரலாறு ஒரு வாக்கியத்தில் முடிவதன்று. 1933 ஏப்ரலிலே யூதக் கலைஞரை விலக்குவதைக் கண்டித்துக் கொயபெல்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் அவர். 1934இல் இசையாக்குநர் ஹிண்டெமித்துக்காகப் பத்திரிகையில் வாதாடி, அதனால் நேர்ந்த மோதலிலே தம் பதவிகளைத் துறந்தவரும் அவரே. ஆயினும் அடுத்த ஆண்டே மீண்டும் மேடையேறினார். ஒட்டோ கிளெம்பரரும் புரூனோ வால்ட்டரும் நாட்டை விட்டு ஓடவேண்டியிருந்தது. அவருடைய சொந்த வாத்தியக்குழுவின் முதல் வயலின் கலைஞர் சிமோன் கோல்ட்பேர்க்கும் போனார். அவர் போகவில்லை. யுத்தத்தின் பின் நடந்த விசாரணை அவரை விடுவித்தது. 1947இல் மீண்டும் பேர்லினில் நெறியாண்டார். யூதரான யெஹுதி மெனுஹின் அவரோடு மேடையிலே வாசித்தார். வேறு பலர் இறுதிவரை மன்னிக்கவில்லை. கலை அரசியலுக்கு மேலானது என்பது அவர் வாதம். அவருடைய வாத்தியக்குழுவோ கொயபெல்ஸின் அமைச்சிற் சம்பளம் பெற்றது. அதன் கலைஞர்கள் இராணுவ சேவையிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தனர். மேலானது என்று சொன்னவரின் காலடியில் இருந்த மேடை யாருடையது என்பதை அவர் அறியாதிருந்தார் என்று நாம் நம்பவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப சேர், நாங்கள் இவ்வளவு நேரமும் ரசிச்சது பிழையோ?"

பல வருடங்களாக இக்கேள்விக்கு எம்மிடம் ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. இசை மனித குலத்தின் சொத்து, பாசிஸ்டுகள் திருடிய பொருளை மக்கள் மீட்டுக்கொள்கின்றனர் என்போம். அதையே சொன்னோம். அவள் திருப்தியடையவில்லை. "அந்த நேரம் மற்றப் பக்கத்திலயும் ஆரும் வாசிச்சிருப்பினம்தானே, சேர்? அதைக் கேக்கலாமோ?"

மற்றப் பக்கத்திலும் வாசித்தார்கள். லெனின்கிராட் நகரம் 1941 செப்டெம்பர் 8ஆம் திகதி முற்றுகைக்குள் விழுந்தது. 1944 ஜனவரி 27 வரை விடுபடவில்லை. முற்றுகை என்ற சொல்லின் பொருளை எம் தலைமுறையினர் அகராதியிற் பார்க்கவேண்டியதில்லை. ஆயினும் அந்த முதற் குளிர்காலத்தில் வேலையற்றோர்க்கும் சிறுவர்க்கும் நாளொன்றுக்கு 125 கிராம் பாணே கிடைத்தது என்று வாசிக்கும்போது எமக்கும் சொல் எழவில்லை. பட்டினியால் இறந்தோர் பல இலட்சம். நகரின் புகழ்பெற்ற பில்ஹார்மோனிக் குழு தன் நெறியாளர் மிராவின்ஸ்கியோடு முன்பே நொவொசிபிர்ஸ்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. எஞ்சியது வானொலி வாத்தியக்குழு. அதன் நெறியாளர் கார்ல் எலியாஸ்பேர்க்.

1942 மார்ச் 30 அன்று எலியாஸ்பேர்க் முதல் ஒத்திகைக்கு அழைத்தார். பேர்லினில் அந்த ஒன்பதாவது சிம்பொனி பதியப்பட்டு ஒரு வாரமே ஆகியிருந்தது. குழுவில் வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தோர் பதினைந்து பேரளவினர். குழல் வாத்தியக்காரர்க்கு ஊத மூச்சில்லை. ஒத்திகை சில நிமிடங்களிலேயே கலைந்தது. இறந்தோரிடையே கிடத்தப்பட்டிருந்த முரசுக் கலைஞர் ஐதாரொவின் விரல் அசைவதை எலியாஸ்பேர்க் கண்டு அவரை மீட்டார் என்று ஒரு கதை உண்டு. இன்னொரு கதையும் உண்டு. மனைவியை அடக்கம் செய்துவிட்டுப் பிந்தி வந்த கலைஞருக்கு அன்றைய உணவுப் பங்கை அவர் மறுத்தாராம். முதற் கதையை மாத்திரம் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுதல் எளிது. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை.

ஷொஸ்தகோவிச் தம் ஏழாவது சிம்பொனியின் பெரும்பகுதியை லெனின்கிராட்டிலிருந்தே எழுதி, வெளியேற்றப்பட்ட பின் குயிபிஷெவில் முடித்தார். அந்நகரில் மார்ச் 5 அன்று அது அரங்கேறிற்று. அதன் இசைச்சுவடி நுண்படச்சுருளாகத் தெஹ்ரான், கெய்ரோ வழியே அமெரிக்கா போய்ச் சேர, ஜூலை 19 அன்று நியூயோர்க் வானொலியிலே தொஸ்கனினி அதை நெறியாண்டார். லெனின்கிராட்டுக்கோ சுவடி முற்றுகையைத் தாண்டி விமானத்திலே வந்தது. நூறு பேரளவு வேண்டிய இசைக்கு ஆளில்லாமற் போர்முனையிலிருந்து இராணுவ வாத்தியக்காரர் அழைக்கப்பட்டனர். மேலதிக உணவு வழங்கப்பட்டது. ஒத்திகைக் காலத்திலேயே இறந்தோரும் உளர். ஆகஸ்ட் 9 மாலை பில்ஹார்மோனிக் மண்டபத்திலே கச்சேரி நடந்தது. ஜேர்மன் பீரங்கிகள் அதைக் குலைக்காதிருக்கும்பொருட்டுத் தளபதி கொவொரொவ் முன்கூட்டியே அவற்றின்மீது குண்டு பொழியச் செய்தார். ஒலிபெருக்கிகள் நகரத்துக்கு மாத்திரமன்றி எதிரியின் அரண்களுக்கும் அவ்விசையைக் கொண்டுசென்றன.

"அதைப் போடுங்கோ, சேர்" என்றார்கள்.

போடுவதற்கு இல்லை. அக்கச்சேரியின் இசைத்தட்டு என்று ஒன்று கிடையாது. தொஸ்கனினியினுடையது உண்டு, பேர்லின் உண்டு, இது இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை இசையில் இல்லை, யந்திரத்தில் உண்டு. அக்காலத்து அரக்குத் தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே ஓடும். ஒரு சிம்பொனியைத் துண்டு துண்டாய் வெட்டியே பதியவேண்டும். ஜேர்மனியிலோ ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935இலேயே காந்தநாடாப் பதிவுக் கருவியைக் காட்சிக்கு வைத்துவிட்டது. 1940 அளவில் அந்நாட்டு வானொலிப் பொறியியலாளர் அதன் இரைச்சலையும் அடக்கிவிட்டனர். உலகில் வேறெங்கும் இல்லாத அந்த வசதி நாசி அரசின் வானொலியிடம் இருந்தது. ஆகவேதான் பேர்லினின் முரசு இன்றும் எம் விறாந்தையில் இடிக்கின்றது. பாண் துண்டோடு வாசித்தவரின் முரசு ஒருவர்க்கும் கேட்பதில்லை. கேட்கக் கிடைப்பதையே சரித்திரம் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் எமக்கும் உண்டு. தமிழ் கற்றவர்க்கு இது புதிதன்று: ஏடு பெயர்த்து எழுதுவிக்க வசதியுள்ளவன் வீட்டுப் பாட்டு நின்றது, வயலில் நாற்று நட்டவளின் பாட்டு எத்தனை போயிற்றோ.

அந்தப் பேர்லின் நாடாக்களை 1945இல் வென்ற சோவியத் படையினர் மொஸ்கோவுக்குக் கொண்டுபோயினர். அறுபதுகளில் சோவியத் நிறுவனமாகிய மெலோடியா அவற்றை இசைத்தட்டாக வெளியிட்டது. மேலைநாட்டு ரசிகர் அத்தட்டுக்களைத் தேடி அலைந்தனர். தம்மைப் பட்டினியிட்டவரின் தலைநகரத்து இசையைத் தாமே அச்சிட்டு உலகுக்கு அளித்த அச்செயலைப் பெருந்தன்மை என்பதா, வியாபாரம் என்பதா?

எம் பக்கத்தின் கணக்கையும் மறைத்தல் ஆகாது. முற்றுகை நீங்கிய பின் மிராவின்ஸ்கி திரும்பினார்; அவருடைய பில்ஹார்மோனிக் புகழ் பெற்றது. எலியாஸ்பேர்க் ஓரங்கட்டப்பட்டார். 1964 ஜனவரி 27 அன்றுதான் உயிரோடிருந்த பழைய கலைஞரைக் கூட்டி அதே சிம்பொனியை மீண்டும் நெறியாள அவருக்கு வாய்த்தது. 1978இல் இறந்தார். ஷொஸ்தகோவிச்சையோ 1948இல் கட்சித் தீர்மானம் ஒன்று மக்களுக்கு விரோதமான இசைஞர் என்று பெயர் குறித்துக் கண்டித்தது. லெனின்கிராட் மக்கள் எழுந்து நின்று கேட்ட இசையை ஆக்கியவர்! இதைச் சொன்னபோது எம் வட்டத்து மூத்த தோழர் ஒருவர் முகஞ்சுளித்தார். பிள்ளைகளுக்கு முன் இதெல்லாம் எதற்கு என்றார். பிள்ளைகளுக்கு முன்னே பேர்லினைச் சொன்ன வாயால் இதையும் சொல்லவேண்டும் என்றோம். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கு வந்தார்.

அடுத்த கூட்டத்தில், வேறு வழியின்றி, மிராவின்ஸ்கி 1953இற் பதிந்த ஏழாவது சிம்பொனியைக் கேட்டோம். முதற் பகுதியின் நடுவே, தொலைவிலிருந்து வருவதுபோல் ஒரு சிறு முரசு தொடங்குகின்றது. அற்பமான ஒரு மெட்டு அதன்மீது ஏறி, மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் பருத்து, ஈற்றில் மூச்சை அடைக்கின்றது. அந்த நீண்ட நேரமும் முரசு ஓய்வதில்லை. கை சோர இடமில்லை.

ஓய்ந்த பின் அந்த மாணவி அப்பியாசக் கொப்பியைத் திறந்தாள். "அந்த முரசுக்காரற்ற பேர் என்ன, சேர்? திரும்பச் சொல்லுங்கோ."

ஐதாரொவ் என்றோம். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.