கண் புரையும் கை நிதானமும்

கண் புரைக்குச் சத்திர சிகிச்சை செய்துகொள்வது இந்நாளில் க்ஷவரம் செய்துகொள்வதைப் போல் ஆகிவிட்டது. காலையில் போனார், மாலையில் திரும்பினார், மறுநாள் பத்திரிகை படித்தார் என்று சொல்லுகிறார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் இப்படிச் சுலபமாகச் சொல்லிச் சொல்லியே ஒரு தீங்கும் விளைந்திருக்கிறது. "பத்து நிமிஷ வேலை" என்று நம்பி வந்த குடும்பத்தார், ஆபரேஷன் அரை மணியைத் தாண்டினால் டாக்டர் எதையோ கெடுத்துவிட்டார் என்று வெளியே உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே டாக்டரோ அந்த அரை மணியில்தான் கண்ணைக் காப்பாற்றிக் கொண்டிருப்பார். நமது வலது கண் இத்தகைய ஒரு சங்கடத்திலிருந்து தப்பி வந்தது. அதன் பிறகு நாம் டாக்டரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

விழிக்குள் இருக்கும் வில்லையை ஒரு மாம்பழமாக வைத்துக்கொள்வோம். தோல், சதை, கொட்டை மூன்றும் அதற்கு உண்டு. வயதானால் சதையும் கொட்டையும் மங்கிப் போகின்றன, அதுதான் புரை. நம் சுசுருதர் காலத்து முறையில், மங்கிய வில்லையைச் சலாகையினால் கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள். 1747-ஆம் ஆண்டில் பாரிஸில் ழாக் தாவியேல் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்ணைக் கீறி வில்லையை வெளியே எடுத்தார். 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி, எடுத்த இடத்தில் செயற்கை வில்லை ஒன்றை வைத்தார். 1967-இல் அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், காதுக்குக் கேளாத ஒலியலையினால் கொட்டையை உடைத்துக் குழாயால் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக உள்ளே புகுந்து, பழத்தின் முன்தோலில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, பின்தோலை மாத்திரம் அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள். புது வில்லைக்கு அந்தத் தோல்தான் தொட்டில். அதன் கனம் நடுவில் சுமார் நான்கு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் நான்கு பங்கு! அநேகச் சங்கடங்கள் இந்தத் தோலைச் சுற்றியே நிகழ்கின்றன.

நமது சங்கடம் வேறு திசையிலிருந்து வந்தது. பரிசோதனையெல்லாம் முடிந்தபின் டாக்டர், "ஸார், சிறுநீர் உபத்திரவத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். கண் டாக்டர் வீடு என்று எண்ணி வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று நமக்குத் தோன்றியது. நல்ல வேளையாக வீட்டு அம்மாள் நம்முடைய மருந்துச் சீட்டுகள் அவ்வளவையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதில் டாம்சுலோசின் என்ற பெயரைக் கண்டதும் டாக்டர் அதன்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

ஆண்களுக்கு வயது ஏறினால் பிராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது. இந்த மாத்திரை அங்குள்ள தசையைத் தளர்த்தி வழிவிடச் செய்கிறது. கண்ணின் பாவையைச் சுற்றியிருக்கும் வண்ணத் திரையை விரிக்கும் தசையும் அதே ஜாதியைச் சேர்ந்ததாம்! அதுவும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. அப்போது ஆபரேஷன் நடுவில் திரை காற்றில் ஆடும் துணிபோல் படபடக்கும். கீறலின் வழியே வெளியே வரப் பார்க்கும். விரித்து வைத்திருந்த பாவை கண்ணெதிரே சுருங்கிக்கொண்டே போகும். அந்த மாத்திரை அமெரிக்காவில் 1997-இல் புழக்கத்துக்கு வந்தது. காரணத்தைக் கண்டு சொன்னவர்கள் டேவிட் சாங், ஜான் காம்பெல் என்னும் இரண்டு வைத்தியர்கள், அது 2005-இல். இடையில் எட்டு வருஷம், எத்தனையோ டாக்டர்கள் கை தேர்ந்தவர்களாக இருந்தும் இந்தப் படபடப்பின் காரணம் தெரியாமல் திகைத்திருப்பார்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு வந்தாலும் போதாது. விட்டு வெகு காலமானவர்களுக்கும் திரை தளர்வதுண்டு. தாமாகவே நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அபாயம் வேறு. முன்கூட்டிச் சொல்வது ஒன்றுதான் செய்யத்தக்கது.

சொட்டு மருந்தினால் கண்ணை மரத்துப்போகச் செய்திருந்தபடியால் நமக்கு நினைவு முழுவதும் இருந்தது. ஒளி ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று டாக்டரின் பேச்சு நின்றது. "தண்ணீர் வேகத்தைக் குறையுங்கள். வளையம்" என்றார். அவ்வளவுதான். குரலில் பரபரப்பில்லை. மாஸ்கோ வைத்தியர் போரிஸ் மல்யூகின் அமைத்த சிறு சதுர வளையம் ஒன்று உண்டு. அதன் நான்கு மூலைச் சுருள்களில் பாவையின் விளிம்பைக் கோத்து, மீண்டும் சுருங்காதபடி நிறுத்திவிடலாம். அதை முன்னதாகவே எடுத்து வைத்திருந்தார்கள். சீட்டைப் பார்க்காமல் தொடங்கியிருந்தால் அந்நேரத்தில் அலமாரியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். நாம் வெளியே வந்தபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது, ஆபரேஷன் யாருக்கு நடந்தது என்றே சந்தேகம் வந்தது.

பின்தோல் கிழிவது இதைவிடப் பெரிய சங்கடம். தேர்ந்த இடங்களிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு கண்களில் அது நேரக்கூடும். கிழிந்ததும் மணி அடித்துத் தெரிவிப்பார் யாருமில்லை. கண்ணின் முன்னறை திடீரென்று ஆழமாகத் தெரியும். பாவை ஒரு கணம் துள்ளி விரியும். அதுவரை குழாயை நோக்கி ஓடிவந்த கொட்டைத் துண்டு சாய்ந்துகொண்டு வர மறுக்கும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டதும் கருவியை வெளியே இழுத்துக்கொள்ளத்தான் எந்த மனிதனுடைய கையும் துடிக்கும். சூடு பட்ட கை பின்வாங்குவதுபோல் அது இயல்பு. அந்த இயல்பை அடக்குவதற்குத்தான் டாக்டர்கள் வருஷக்கணக்கில் பயிலுகிறார்கள். ஏனென்றால், கருவி வெளியே வந்த க்ஷணத்தில் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும்; பின்னறையில் முட்டை வெண்கரு போலிருக்கும் கூழ் முன்னே பாயும்; சிறு கிழிசல் பெரிதாகும். ஆகையால் ஒரு கையிலுள்ள கருவியை இருந்த இடத்திலேயே அசையாமல் நிறுத்தி, மறு கையால் பக்கத்துத் துவாரத்தின் வழியே பாகு போன்ற மருந்தைச் செலுத்தி அறையை நிரப்பிவிட்டுத்தான் கருவியை வெளியே எடுக்க வேண்டும்.

முன்னே வந்துவிட்ட கூழைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அதன் இழைகள் விழித்திரையோடு ஒட்டியிருப்பவை. முன்னே இழுத்தால் பின்னே கிழியும். அதற்கென்று இருக்கும் நுண்ணிய வெட்டுக் கருவியால் அறுத்துத்தான் அகற்ற வேண்டும். கூழோ கண்ணுக்குத் தெரியாத தெளிவு. எனவே பால்போல் வெளுத்த டிரையாம்சினலோன் என்ற மருந்தைத் துளி விட்டால், அது கூழில் ஒட்டிக்கொண்டு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த யுக்தியைக் கேட்டபோது நமக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

சில சமயம் கொட்டைத் துண்டு கிழிசல் வழியே பின்னறைக்குள் விழுந்துவிடும். கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கொலுசு போட்டுத் துழாவுவதுபோல் அதைத் துழாவிப் பிடிக்க முயல்வதைக் காட்டிலும் கொடுமை கண்ணுக்கு வேறில்லை என்கிறார் நம் டாக்டர். அதை விட்டுவிட்டு, முன்பக்கத்தைச் சுத்தம் செய்து, கீறலை மூடி, விழித்திரை நிபுணரிடம் அனுப்பிவிட வேண்டும். அவர் பின்பக்கமாக முறைப்படி வழி செய்துகொண்டு எடுத்துவிடுவார். இப்படி இரண்டாம் முறை மேஜைக்குப் போனவர்களில் பலர் நல்ல பார்வையோடு இருக்கிறார்கள். அத்தகைய கண்ணுக்கு அடுத்த சில வாரங்கள் கவனம் அதிகம் வேண்டும். வலி, சிவப்பு, பார்வை மங்கல், கண்ணெதிரே புதிதாகப் பூச்சி பறத்தல், இவற்றில் எது கண்டாலும் அன்றே ஓட வேண்டும்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது, ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக நேர்வது, கண்ணின் பின்சுவருக்குள் இரத்தக் குழாய் உடைவது. கண் கல்போல் இறுகும். நோயாளி வலியில் முனகுவார். டாக்டருக்குக் கண்ணுக்குள்ளிருந்து தெரியும் செவ்வொளி மறையும். அப்போது செய்யவேண்டியது ஒன்றே: எந்த நிலையில் இருந்தாலும் கீறலை உடனே மூடிவிடுவது. மற்றவை வேறொரு நாள். இருமல் வந்தால் முன்னதாகச் சொல்லுங்கள் என்று மேஜைமேல் படுத்தவுடன் சொல்கிறார்களே, அதன் காரணங்களில் இதுவும் ஒன்று. முதல் நாளே இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மாத்திரையைத் தவிர வேறு சிலவும் வீட்டார் சொல்லவேண்டியவை உண்டு. நம் நண்பர் ஒருவருக்குப் பத்தாவது வயதில் கிட்டிப்புள் கண்ணில் பட்டது. அறுபது வருஷத்துக்கு முந்திய சமாசாரம், அவரே மறந்துவிட்டார், தமக்கையார் நினைவுபடுத்தினார். வில்லையைத் தாங்கி நிற்கும் நுண்ணிய இழைகள் அந்த அடியில் பாதி அறுந்திருந்தன. கண்ணை அசைத்தால் வில்லை நடுங்கியது. தெரிந்திருந்தபடியால், தோலுக்குள் ஒரு வளையத்தை வைத்து நாலா பக்கமும் சமமாக விரித்துப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்தார்கள்.

"புரை நன்றாய்ப் பழுக்கட்டும்" என்று காத்திருக்கும் வழக்கத்தையும் நம்மவர் விட்டுவிட வேண்டும். தோலோடு சேர்த்து முழு வில்லையையும் எடுத்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்றோ, பால்போல் வெளுத்துப் பருத்த புரையின் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. தோல் தெரிவதற்காக நீலச் சாயம் பூசி ஊசி முனையை வைத்ததும், அது இரு பக்கமும் நீளக் கிழிந்துவிடலாம். நீலம், வெள்ளை, நீலமாகத் தோன்றும் அந்தக் காட்சிக்கு 'அர்ஜென்டினாக் கொடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தேசத்தார் பெருமையுடன் ஏற்றும் கொடி கண் டாக்டரின் வயிற்றைக் கலக்குகிறது! ஊசியால் முதலில் உள்ளிருக்கும் பாலை உறிஞ்சி அழுத்தத்தைத் தணித்துவிட்டால் கொடி ஏறாமல் தடுக்கலாம். கல்லாக முற்றிய கொட்டைக்கு, நம் நாட்டிலும் நேபாளத்திலும் வெகுவாகக் கையாண்டு செம்மையாக்கிய, தையலில்லாத கைவேலை முறையும் இருக்கிறது. இருந்தாலும் அந்த நிலைக்குக் கண்ணைக் கொண்டுபோய் விடுவானேன்?

நாம் புறப்படும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையின் பெயர், திரை தளர்ந்தது, வளையம் வைத்தது, எல்லாம் அதில் இருந்தன. "மற்றொரு கண்ணை யார் செய்தாலும் இதைக் காட்டுங்கள், ஸார்" என்றார். அம்மாள் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். இடது கண்ணுக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருக்கிறது.