கறுவாத் தீவில் ஒரு முற்பகல்

சென்ற விடுமுறையில் பலப்பிட்டியவில் தோணியேறி, மாது கங்கையின் கண்டற்காடுகளூடே கறுவாத் தீவை அடைந்தோம். உடன்வந்த எம் மருமகள், சூலக நீர்க்கட்டி நோய்க்கு வைத்தியர் கொடுத்த மெற்போமின் வில்லைகளை இரு மாதங்களாக நிறுத்தியிருந்தாள். "இரசாயனம் வேண்டாம், மாமா, கறுவா போதும்" என்பது அவள் கட்சி.

குடிசைத் திண்ணையில் முதியவர் ஒருவர் புறப்பட்டையைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தண்டைத் தேய்த்து, உட்பட்டையைக் கிழியாது கழற்றினார். என்ன கைவண்ணம்! மணம் எம் சால்வையிலும் ஏறியது. மலிவான சீனக் கறுவாவில் ஈரலுக்கு ஊறு செய்யும் குமாரின் மிகுதி. எம் நாட்டுக் கறுவாவில் அது மிகச் சொற்பம்.

இன்சுலின் சரிவரத் தொழிற்படாமை இந்நோயின் வேர்களுள் ஒன்று. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 1.5 கிராம் கறுவா உட்கொண்ட பெண்களுக்கு மாதவிலக்கு ஓரளவு ஒழுங்குற்றது. ஆயினும் சேர்ந்தோர் 45 பேரே. இறுதிவரை நின்றோர் அதிற் பாதியுமில்லை.

திரும்புகையில் இதனைச் சொன்னோம். மெற்போமினும், கலேகா என்னும் ஐரோப்பியப் பூண்டின் சத்தைத் தொடர்ந்த ஆராய்ச்சியின் வழி வந்ததே என்றோம்.

அவள் வெகுநேரம் நீரையே பார்த்திருந்தாள்.

"அப்ப அதுவும் செடிதானோ, மாமா?"

கறுவாக் கட்டை மடியில் வைத்தபடி, திங்கட்கிழமை வைத்தியரிடம் போக இசைந்தாள்.