ஏரிக்கரை வழியே ஆரணிக்கு

ஆரணியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூர். ஊரில் பாதி வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும். அதில் ஒரு வீட்டில் ஒரு குழித்தறி, ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல், மானாவாரியில் முக்கால் ஏக்கர் மல்லாட்டை. கணவர் தறியில் உட்காருகிறார், மனைவி நிலத்தைப் பார்க்கிறார். மகள் ஆரணியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் மகள் போய் வந்தாள். ஒரு மார்கழி மாலையில், நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கப் பார்த்தாள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடி பள்ளம். சைக்கிள் சாய்ந்து விழுந்ததில் இடது முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது.

கட்டு பிரித்த பிறகு அப்பாதான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர். மாதம் 22 பள்ளி நாள் என்று வைத்தால் 616 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும் 12 லிட்டர் பெட்ரோல், 1,200 ரூபாய்க்கு மேல். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தறி சும்மா கிடந்தது. மூன்று சேலை முடியவேண்டிய பாவு இழுத்துக்கொண்டே போனது. முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். "பன்னெண்டாவது வீட்டிலிருந்தே எழுதட்டுமே, பொண்ணுதானே" என்று உறவில் பேச்சு எழுந்தது.

அப்போதுதான் தாத்தா வாய் திறந்தார். "நாங்க எந்தக் காலத்துலடா ரோட்டு மேல ஆரணிக்குப் போனோம்?"

மறந்துபோன வழி

அவர் சொன்ன வழி இது. ஊர் ஏரிக்கரை மேல் ஏறி, இரண்டு மதகு தாண்டி, கலங்கலில் இறங்க வேண்டும். அங்கிருந்து உபரி நீர் போகும் கால்வாயின் கரையைப் பிடித்தால் அடுத்த ஊர் ஏரி வரும். அந்தக் கரையும் முடிந்தால் களத்துமேடு, பிறகு வண்டிப்பாதை, பிறகு ஆரணியின் பின்பக்கத் தெரு. மொத்தம் ஒன்பது கிலோமீட்டர். தார்ச் சாலையைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல், ஆனால் லாரி கிடையாது. முடிந்த சேலையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டி இந்த வழியில்தான் தாத்தா கொண்டுபோவார். திரும்பும்போது பட்டு நூலும் ஜரிகையும் வரும். கரையில் பனை நிழல் இருந்ததாம், தூசி இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு அந்த வழியைத் தேடிப் போனார்கள். முதல் கரை நன்றாகவே இருந்தது. கால்வாய்க் கரையில் வேலிக்காத்தான் இருபுறமும் வளர்ந்து முகத்தில் அடித்தது. ஒரு சிறுபாலம் உடைந்து கிடந்தது. அடுத்த ஊர் எல்லையில் ஏறக்குறைய 150 மீட்டர் தூரத்துக்கு முள்கம்பி. உள்ளே காய்க்கிற தென்னை.

வேலி போட்டவர் தூரத்துப் பங்காளி முறை. அவர் மறைக்கவில்லை. "பன்னெண்டு வருஷமா ஒரு ஆளு இந்தப் பக்கம் வரல. யாரும் வராத வழியை எதுக்குச் சும்மா விடணும்னுதான் வேலி போட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. ஊருக்கு மோட்டார் வந்தபோது எல்லாரும் தார்ச் சாலைக்குப் போய்விட்டார்கள். ஆள் நடமாட்டம் நின்ற வழியில் முதலில் முள் வரும், பிறகு எருக்குழி வரும், கடைசியில் வேலி வரும்.

சின்னச் சாலைகளைக் காப்பாற்றும் நாடு

இப்படிப்பட்ட வழிகளைச் சொத்தாக நினைக்கும் நாடுகளில் பிரான்ஸ் ஒன்று. 1903 முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடக்கும் நாடு அது. ஆனால் அங்கே சைக்கிளின் உண்மையான சுகம் கிராமத்துச் சின்னச் சாலைகளில்தான். கோதுமை வயல், திராட்சைத் தோட்டம், மாட்டுப் பண்ணை வழியாக ஊருக்கு ஊர் போகும் மாவட்டச் சாலைகளில் வண்டிகள் குறைவு. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பயன்படாமல் போன வழிகளையும் அவர்கள் விடவில்லை. பர்கண்டிப் பகுதியில் ழிவ்ரி, குளூனி ஊர்களுக்கு இடையே ரயில் நின்றுபோன பழைய தடத்தை 1997இல் சைக்கிள் வழியாக மாற்றினார்கள். லுவார் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் வழி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் குதிரைகள் படகு இழுத்த பாதையில் இன்று பல இடங்களில் சைக்கிள் போகிறது.

இதில் விவசாயிக்கு என்ன லாபம்? காரில் போகிறவர் ஊரைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிளில் வருகிறவருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், இருட்டினால் தங்க இடம் வேண்டும். அங்கே பண்ணை வாசலிலேயே பாலாடைக்கட்டி, பழம், தேன் விற்கிறார்கள். உபரி அறையை வாடகைக்கு விடுகிறார்கள்.

ஆரணிப் பக்கம் இதற்குக் குறைவில்லை. மேற்கே ஜவ்வாது மலை. அதன் அடிவாரத்தில் ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத் தோப்புகளும் உள்ள படவேடு. திருமலையில் பாறையில் செதுக்கிய, 16 அடி உயரமுள்ள நேமிநாதர். தேவிகாபுரத்தில் பெரியநாயகி கோயிலும் பட்டுத் தறிகளும். பூசிமலைக்குப்பத்தில் காட்டுக்குள் ஆரணி ஜாகிர்தாரின் பழைய மாளிகை. ஏரிக்கரைகளையும் ஊர்ச் சாலைகளையும் இணைத்தால் இவற்றில் பலவற்றுக்குப் பெருஞ்சாலையை அதிகம் தொடாமலே போய்வர வழி கிடைக்கும். வருகிறவர்களுக்கு இளநீரும் வேர்க்கடலையும் விற்கலாம், தறியில் நெய்வதைக் காட்டலாம்.

ஆனால் முதல் பயன் வெளியூர்க்காரருக்கு அல்ல, ஊர்ப் பெண்களுக்கு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைத்துவிட்டது. அதை ஓட்டப் பயமில்லாத வழிதான் குறைகிறது.

கரைக்கும் நல்லது

ஆள் போகும் கரை காவல் உள்ள கரை. எலி வளை, நண்டு வளை, மழைக்குப் பின் விழும் கீறல் எல்லாம் தினமும் போகிறவர் கண்ணில்தான் முதலில் படும். டிராக்டர் டிப்பர் ஓடினால் கரை தளர்ந்து சரியும். சைக்கிளால் அந்தச் சேதம் இல்லை. வேலிக்காத்தானை வேரோடு எடுத்த இடத்தில் பனை விதை ஊன்றினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாதையை மேடாக்கக் கரை மண்ணையே வெட்டி எடுக்கக் கூடாது.

வழியை மீட்க

"என் நிலத்துக்குப் போக வழி இல்லை" என்பது விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. அந்தக் குடும்பம் செய்ததைப் பின்பற்றலாம்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். அந்தப் புல எண் 'வண்டிப்பாதை' அல்லது 'ஏரி' புறம்போக்கு என்று இருந்தால் வழி பொதுவானது. புல வரைபடத்தை வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். எல்லையில் சந்தேகம் இருந்தால் பட்டாதாரர் கட்டணம் செலுத்தி, நில அளவரைக் கொண்டு அத்து காட்டச் சொல்லலாம்.

புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் வட்டாட்சியருக்கு மனு கொடுக்கலாம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமும், ஏரிகளுக்கென 2007இல் வந்த சட்டமும் உள்ளன. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் சொல்லலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும்.

வழி ஒருவரின் பட்டா நிலத்தில் போனால் கதை வேறு. 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தி வந்த வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். வழியை அடைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சும்மா இருந்துவிட்டால் அந்த உரிமையைக் காட்டுவது கஷ்டம். அதனால் அடைத்தவுடனே பேசிவிடுவது நல்லது.

ஒன்றரை மீட்டர்

வரைபடத்தில் அந்த 150 மீட்டரும் வண்டிப்பாதைதான், மூன்று மீட்டர் அகலம். மனு கொடுத்துத் தென்னையை வெட்டச் சொல்ல வேண்டும் என்று ஊரில் சிலர் நின்றார்கள். தாத்தா மட்டும் நேரில் போனார். "உங்க அப்பனும் நானும் ஒண்ணா மாடு ஓட்டின வழிப்பா இது. எம் பேத்தி இஸ்கூலுக்குப் போவணும்" என்றார். பங்காளி இரண்டு நாள் யோசித்துவிட்டு, தென்னைக்கு வெளியே ஒன்றரை மீட்டர் விட்டுக் கம்பியைத் தள்ளி நட்டார். மீதியைத் தர இன்னும் மனம் வரவில்லை. சைக்கிளுக்கு இது போதும், மாட்டுவண்டிக்குப் போதாது. அந்தப் பேச்சு ஊரில் முடியவில்லை.

முள்ளை நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இரண்டு ஞாயிறு வெட்டினார்கள். உடைந்த சிறுபாலத்தின் மேல் இரண்டு கல்பலகை போட்டார்கள்.

இப்போது மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்தேதான் போகிறார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது வீட்டு விதி. ஐப்பசி, கார்த்திகையில் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த இரண்டு மாதமும் பஸ்தான். மற்ற நாட்களில் நாற்பது நிமிடம். போன வாரம் இரண்டாம் மதகுக்குப் பக்கத்தில் எலி வளை ஒன்றைப் பார்த்து வந்து சொன்னதும் அந்தப் பிள்ளைகள்தான். அன்றைக்கே மண் போட்டு இடித்து அடைத்தார்கள்.

காலை எட்டு மணிக்கு மகள் கரை ஏறியதும் அப்பா தறியில் இறங்கிவிடுகிறார். தாத்தா கலங்கல் வரை நடந்துபோய், மூன்று சைக்கிளும் அடுத்த கரையில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.