'நிலையாக உள்ளார்'

சென்ற ஆண்டு ஒரு மாலை, தில்லியில் என் விடுதி வாசலில் ஓர் அம்மையார் காத்திருந்தார். ஊரிலிருந்து வந்தவர். கணவர் இங்கே ஒரு சிறையில் விசாரணைக் கைதி. நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். ஆங்கில மருத்துவ அறிக்கையைத் தமிழில் விளக்க, தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

அறிக்கையின் கடைசி வரியில் 'ஸ்டேபிள்' என்றிருந்தது. 'நிலையாக உள்ளார்' என்றேன். "அப்போ தேறிடுவாரா தம்பி?" என்றார். மொழியியல் படித்தவன் செய்யக்கூடாத பிழை.

புற்றுநோய் மருத்துவத்தில் அச்சொல்லுக்கு ஓர் அளவுகோல் உண்டு. அளந்த கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறையவில்லை, 20 விழுக்காடு கூடவுமில்லை, அவ்வளவே. வலியைப் பற்றியோ எஞ்சிய நாள்களைப் பற்றியோ அது பேசுவதில்லை. ஆனால் பிணை மனுவை எதிர்த்தவர்கள் அச்சொல்லையே எடுத்துக்காட்டினார்கள்: உடல்நிலை சீராக இருக்கிறது, அவசரமில்லை.

மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவரையும், அவர் நோயுற்றவரோ நலிவுற்றவரோ ஆனால், பிணையில் விடலாம் என்கிறது சட்டம். பழைய 437ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 480. எவ்வளவு நோய் என்று பிரிவு சொல்லவில்லை. 'விடலாம்' என்பதிலுள்ள 'லாம்' யாருடைய பக்கம் சாயும் என்பதைச் சான்றிதழின் ஒரு சொல் தீர்மானித்துவிடுகிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2024 டிசம்பர் 10 அன்று, முதிய கைதிகளுக்கும் தீரா நோயுற்ற கைதிகளுக்குமென ஒரு தனி இயக்கத்தைத் தொடங்கியது. அந்த உதவியும் இத்தகைய காகிதங்களின் வழியாகத்தான் போய்ச் சேரவேண்டும்.

என்னை அதிகம் உறுத்தியது இரவு. சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவேண்டும். மாலையில் பூட்டும் அறை விடியும்போதுதான் திறக்கும். வலிநிவாரண மருந்துகள் எளிதில் கிடைக்கட்டும் என்று போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தினார்கள். திருத்தம் பூட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

வழக்கறிஞரிடம் பேசினோம். இம்முறை மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்கவில்லை. தானே எழுந்து உட்கார முடியுமா, இரவில் எத்தனை முறை மருந்து வேண்டும், அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கினோம். இடைக்காலப் பிணை கிடைத்தது.

ஆணை வந்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. ரயிலில் ஊருக்குக் கொண்டுபோக மருத்துவர் ஒப்பவில்லை. பதினொரு நாள், வாசலில் காவலர் இல்லாத ஓர் அறையில், மருந்து நேரத்தைத் தாளில் குறித்தபடி அம்மையார் அருகில் இருந்தார்.