மான்ட்பீலியர்: சேற்று மாதத்தில் போக வேண்டிய ஊர்

அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களில் மக்கள்தொகையில் மிகச் சிறியது வெர்மான்ட்டின் மான்ட்பீலியர். 2020 கணக்கெடுப்பில் 8,000 பேரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். சட்டமன்றத்தின் தங்கத் தகடு வேய்ந்த கவிமாடத்துக்குப் பின்னாலேயே காட்டு மேடு ஏறுகிறது. முன்னால் வினூஸ்கி ஆறு. 2023 ஜூலை வெள்ளத்தில் கடைவீதி முழுகி, பல கடைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அக்டோபரில், இலை சிவக்கும்போது வருகிறார்கள். என்னைக் கேட்டால் மார்ச்தான் சரி. மண் சாலையெல்லாம் உளையாகிவிடும். அதற்குச் ‘சேற்றுப் பருவம்’ என்றே பெயர். ஆனால் சுற்றியுள்ள மேட்டுப் பண்ணைகளில் மேப்பிள் பாகு காய்ச்சுவது அப்போதுதான். அமெரிக்காவின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்ன மாநிலத்திலிருந்து வருகிறது.

பிள்ளைகளோடு போவதென்றால் உள்ளேயே தங்கிக்கொள்ளும் ஆர்.வி. வண்டி வசதி. ‘ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்’ போன்ற அமைப்பில் ஆண்டுச் சந்தா கட்டினால், அதில் சேர்ந்துள்ள பண்ணைகளில் ஓர் இரவு வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். வாடகை இல்லை, மரியாதைக்கு ஏதாவது வாங்க வேண்டும். கரன்ட், தண்ணீர் இணைப்பை எதிர்பார்க்கக் கூடாது. எங்கே நிறுத்துவது என்று பண்ணைக்காரரைக் கேட்காமல் சக்கரத்தைப் புல்லில் இறக்கவே கூடாது, புதைந்துவிடும். எங்கள் வண்டியின் தொட்டியில் நீர் நிரப்பாமல் கேன்களில் எடுத்துப் போனோம். இரவில் குழாய் உறைந்தால் வெடித்துவிடும் என்ற பயம். பண்ணைக்காரருக்கோ அந்தக் குளிர்தான் பிழைப்பு. இரவு உறைந்து பகலில் உருகினால்தான் மேப்பிள் மரத்துக்குள் அழுத்தம் ஏறிச் சாறு வடியும். குளிர் விட்டுவிட்டால் கொப்பரை காலி.

பாகு காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்தால் ஆள் தெரியாத அளவு ஆவி. சுமார் 40 லிட்டர் சாறு சுண்டி ஒரு லிட்டர் பாகு. இப்போது பலரும் பாதி வேலையை, சாற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவியிடம் விட்டுவிடுகிறார்கள். நுரை பொங்கி விளிம்பைத் தொடும்போது துளி வெண்ணெய் போடுகிறார்கள், பொசுக்கென்று அடங்கிவிடுகிறது. நீரின் கொதிநிலைக்கு மேல் நாலு டிகிரி செல்சியஸ் ஏறினால் பதம். வெப்பமானி இருந்தும் பழைய கைகள் அகன்ற கரண்டியில் மொண்டு சாய்த்துப் பார்க்கின்றன: சொட்டாக விழாமல் திரைபோல விளிம்பில் தொங்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

இன்னும் கொஞ்சம் சுண்டவைத்த பாகைப் பனிமேல் ஊற்றினால் மிட்டாயாக இறுகும். முள்கரண்டியில் சுருட்டித் தின்ன வேண்டும். கூடவே டோனட்டும் வெள்ளரி ஊறுகாயும் தருகிறார்கள். ஊறுகாயைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். திகட்டத் தொடங்கியதும் அதையே இன்னொன்று கேட்டார்கள்.

வாங்கும்போது நிறம் பார்த்து வாங்குங்கள். பருவத் தொடக்கத்துப் பாகு வெளிர் பொன்னிறம், மென்மையான சுவை. போகப் போகக் கறுத்து, மணம் ஏறும். இனிப்பில் வித்தியாசமில்லை. சமையலுக்குக் கறுப்பே மேல், விலை மட்டும் எதற்கும் இனிக்காது. மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றில் ஒரு கெட்ட வாடை வந்துவிடும். ஏப்ரலில் மரங்களிலிருந்து சாறு இறக்கும் குழாய்களைக் கழற்றிவிடுவார்கள். பெரும்பாலான மாநிலப் பூங்காக்களின் ஆர்.வி. முகாம்கள் திறக்க மே கடைசி ஆகும், அதுவரை பண்ணைகள்தான் கைகொடுக்கும்.